முதல் ஞாயிற்றுச் சாட்சி

முதல் பாட்டின் இரண்டாம் சரணம் ஓடிக்கொண்டிருந்தது. ஹெப்சிபாவின் வாய் அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. தகரக் கூரையில் மழை இப்படிக் கொட்டினால் யார் பாடுகிறார்கள், யார் வாயசைக்கிறார்கள் என்பது கர்த்தருக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் கணவர் வேதமாணிக்கம் கேலி செய்வதுண்டு. இன்றைக்கு அந்த மழை அவளுக்குப் பெரிய உபகாரம். மடியில் பைபிள், பைபிள் மேல் கைக்குட்டை, கைக்குட்டைக்குள் போன். போன் லேசாகச் சுட்டது, அல்லது அவள் கைதான் சுட்டதோ என்னவோ. இன்னும் அடிக்காது, காணிக்கை எடுத்த பிறகுதான் அடிக்கும், அந்த நேரத்துக்குத்தான் லில்லிபுஷ்பம் மஸ்கட்டிலிருந்து கூப்பிடுவாள், மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் அப்படித்தான். லில்லியின் தாய் ஞானப்பூ ஏற்கெனவே வந்து பெண்கள் பக்கத்துப் பாயில், ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். மற்ற ஞாயிறுகளில் கடைசியில் செருப்பு விடுகிற இடத்துப் பக்கமாக ஒதுங்கி உட்காருகிறவள், முதல் ஞாயிறு மட்டும் எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்து பெட்டியோரம் இடம் பிடித்துக்கொள்வாள். மகள் குரல் அதிலிருந்துதானே வரும். தேயிலைக் கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்த விரல்களை முந்தானையில் சுற்றி வைத்திருந்தாள். அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது என்று ஹெப்சிபா இருந்தாள். கண் அங்கேதான் போனது. இந்தக் கூரைக்குக் கீழே இருக்கிற இத்தனை பேரில் லில்லி சாகக் கிடக்கிறாள் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர், பாட்டை நடத்திக்கொண்டு முன்னால் நிற்கிற வேதமாணிக்கமும் அவளும். பெற்றவளுக்குத் தெரியாது. பெற்றவள் பாடிக்கொண்டிருக்கிறாள்.

நேற்றுச் சாயங்காலம் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. லில்லியின் எண்தான், ஆனால் பேசியது ஒரு மலையாளி நர்ஸ். ஹெப்சிபாவும் நர்ஸாக இருந்தவள், மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயுசில் பாதியைக் கழித்தவள் என்று லில்லி சொல்லியிருப்பாள் போல, அந்தப் பெண் சுற்றி வளைக்கவில்லை. மார்பில் கட்டி. ஒரு வருஷத்துக்கு மேலாக இருந்திருக்கிறது, யாரிடமும் காட்டவில்லை, புண்ணாகி உடைந்த பிறகு வேலை பார்க்கிற வீட்டம்மா கண்டு பதறிப்போய்க் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். எலும்புக்குப் போய்விட்டது, ஈரலுக்கும். விமானத்தில் ஏற்ற முடியாது. இனி நாள் அதிகம் இல்லை சேச்சி என்றாள். ஹெப்சிபா கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள், என்ன மருந்து போகிறது, மூச்சு எப்படி இருக்கிறது, காலில் வீக்கம் உண்டா என்று, நர்ஸிடம் நர்ஸ் கேட்கிற மாதிரி, குரலில் பிசிறில்லாமல். அவரைக்காய் நார் மட்டும் ஆள்காட்டி விரலைச் சுற்றி இறுகிக்கொண்டே போனது, விரல் நுனி நீலமாகிற வரைக்கும் அவள் அதைக் கவனிக்கவில்லை. அப்புறம் லில்லி வாங்கிப் பேசினாள். "அக்கா, நாளைக்கு மொத ஞாயிறு இல்ல? நான் சாட்சி சொல்லணும்க்கா. நான் கூப்பிடலன்னா அம்மா பயந்துருவாங்க. எப்பவும்போல சொல்லிட்டு வச்சிர்றேன். நீங்க அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க." சரி பிள்ளை என்றாள் ஹெப்சிபா. சாகக் கிடக்கிறவள் கேட்டுக்கொண்டதை யார்தான் மறுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த வேதமாணிக்கம் எல்லாவற்றையும் கேட்டு முடித்துப் பின்பக்கத்துக் குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். வந்து, ஆராதனை முடியட்டும் ஹெப்சி, பொறவு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து பக்குவமா சொல்லுவோம் என்றார். பக்குவம். அவரைக்காய் வேகப் பக்குவம் உண்டு, ஊறுகாய்க்குப் பக்குவம் உண்டு. வியாழக்கிழமை சபையிலிருந்து இன்னும் இரண்டு பிள்ளைகள் மஸ்கட்டுக்குப் புறப்பட இருக்கிறார்கள் என்பதும் அந்தப் பக்குவத்துக்குள் ஒரு மூலையில் இருந்தது, அவர் அதைச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை, நாற்பது வருஷம் ஒன்றாகக் குடித்தனம் செய்தவர்கள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

பாட்டு முடிந்தது. எல்லாரும் தலை குனிந்தார்கள். வேதமாணிக்கம் ஜெபிக்க முழங்காலிட்டார், முழங்காலிடும்போது வழக்கமாக ஒரு கை மேஜையைப் பிடிக்கும், இன்றைக்கு இரண்டு கையும் பிடித்தது. எழுபதாகிறது மனுஷனுக்கு. ஆனால் பேரப்பிள்ளை வயதுக் குழந்தைகளும் வேதமாணிக்கம் அண்ணன், ஹெப்சிபா அக்கா என்றுதான் கூப்பிடுகின்றன. மிஷனெரியாகப் புறப்பட்ட வாலிபத்தில் ஒட்டிய பெயர், அது உரியவே இல்லை. முப்பது வருஷம் ஒடிசா மலைகளில் ஊழியம் செய்துவிட்டு ஊருக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கலாம் என்றிருந்தவர்களை, ஒரு இரண்டு வருஷம் வால்பாறைச் சபையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மிஷன் இங்கே அனுப்பிவைத்தது. அந்த இரண்டு வருஷம் நீண்டுகொண்டே போயிற்று. வந்து பார்த்தால் ஜெபக்குறிப்பு என்று யாரைக் கேட்டாலும் ஒரே குறிப்பு, வேலை. எஸ்டேட்டில் ஆளைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள், பாதித் தோட்டம் காடு ஏறிக் கிடந்தது. சும்மா ஜெபித்துக்கொண்டே இருந்தால் கர்த்தருக்கே சலித்துப்போகும் என்றார் வேதமாணிக்கம். ஒடிசாவில் அவரிடம் படித்த பையன் ஒருவன் மஸ்கட்டில் நல்ல நிலைமையில் இருந்தான், நல்லவன், அங்கே வீடுகளில் படுக்கையோடு கிடக்கிற வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றான். ஹெப்சிபா கூடத்தில் கட்டிலைப் போட்டாள். படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் போட, ஆள் படுத்திருக்கும்போதே அடியில் விரிப்பை மாற்ற, துடைத்துவிட, கஞ்சி புகட்ட எல்லாம் சொல்லிக்கொடுக்க ஒரு நோயாளி வேண்டுமே, எங்கே போவது? வேதமாணிக்கம் ஏறிப் படுத்தார். கைலியைக் கணுக்கால்வரை இறுக்கிக்கொண்டு, தெரிந்த மூன்று அரபி வார்த்தையையும் வைத்து முனகுவார், அதட்டுவார், மாய், மாய் என்று தண்ணீர் கேட்பார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே அவரை அரிசி மூட்டை மாதிரி உருட்டுவார்கள். லில்லி மட்டும் அப்படிச் செய்யமாட்டாள். தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை, அண்ணே, வலிக்குதா, அண்ணே, வலிக்குதா என்று கேட்டுக் கேட்டுத் திருப்புவாள். ஒரு தடவை அவர் அப்படியே தூங்கியே போய்விட்டார். இவள் கை பட்டால் நோயாளிக்கே தெரியாது என்று ஹெப்சிபா ஊரெல்லாம் பெருமை அடித்தாள். இப்போது லில்லியை யார் திருப்புகிறார்கள்? அந்த மலையாளிப் பெண்ணா? கேட்டுக் கேட்டுத் திருப்புகிறாளா? இதை நேற்றுக் கேட்கத் தோன்றவில்லை. மருந்தின் பெயரைக் கேட்டவளுக்கு இது தோன்றவில்லை.

ஆமென் என்று சபை சொன்னது, அவளும் சொன்னாள், சற்றுப் பிந்தி. பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். வியாழக்கிழமை புறப்படுகிற இரண்டு பிள்ளைகளும் புதுச் சுரிதாரில் இரண்டாம் வரிசையில் இருந்தார்கள், அவர்களுடைய தாய்மார்களும். இன்றைக்குச் சாட்சி கேட்பதற்கென்றே வந்திருக்கிறார்கள். அந்தச் சாட்சி நேரத்தைத் தொடங்கி வைத்தவள் ஹெப்சிபாதான். முதல் தடவை அது தானாக நடந்தது. கீழே தொழிலாளர்களுடைய லைன் வீடுகளில் டவர் கிடையாது, ஆலயமும் அவர்கள் வீடும் இருக்கிற இந்த மேட்டில்தான் சிக்னல் வரும். முதன்முதலாகப் போன பையன் ஒரு ஞாயிறு ஆராதனைக்கு நடுவில் கூப்பிட்டுவிட்டான். அவள் எடுத்தாள், என்ன தோன்றியதோ, அப்படியே மைக்குக்கு முன்னால் பிடித்தாள். சபையாருக்கு ஸ்தோத்திரம் என்று கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் பெட்டி வழியாக வந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள், பையனுடைய அப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். அவ்வளவு சந்தோஷத்தை ஒரு தடவையோடு விட மனம் வருமா. வழக்கமாகிவிட்டது. வழக்கம் வந்தால் சட்டமும் வரும், சட்டத்தைப் போட்டதும் அவள்தான். எங்கே இருக்கிறாய், சுகமா, வேலை எப்படி, எதற்காக நன்றி சொல்கிறாய், அவ்வளவுதான். குறை இருந்தால் அக்காவிடம் தனியாகச் சொல்ல வேண்டும். சபையில் குறை சொன்னால் பின்னால் வரப்போகிற பிள்ளைகளுடைய தாய் தகப்பன் பயந்துபோவார்கள், வழி அடைபட்டுப்போகும். இங்கிருந்து யாரும் பதில் பேசவும் கூடாது, ஒருத்தி பேச ஆரம்பித்தால் எல்லாரும் பேசுவார்கள், ஆராதனை சந்தையாகிவிடும். நல்ல சட்டம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பக்கத்துச் சபைகளில்கூடக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.

வேதமாணிக்கம் பிரசங்கத்துக்கு நின்றார். சொன்ன வாக்கியத்தையே இரண்டாம் தடவை சொன்னார், சபை கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள். மழை ஓய்ந்து ஓய்ந்து அடித்தது. மழை வாசனை வந்தால் அவளுக்கு ஒடிசா வந்துவிடும், ஒடிசா வந்தால் பாபு வந்துவிடுவான், அவள் பெற்ற பதினொரு மாதப் பிள்ளை, மேல் பல் இரண்டு அப்போதுதான் முளைத்திருந்தது, காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தான், ஆற்றில் வெள்ளம், ஜீப் அக்கரையில் நின்றது, வெள்ளம் வடிந்தபோது ஜீப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. நர்ஸ்தான் அவள். மலேரியா எத்தனை பேருக்குப் பார்த்தவள். அப்புறம் பாளையங்கோட்டையில் மிஷனெரி கூடுகை, பெரிய பந்தல், பெரியவர் ஒருத்தர் வந்து தலையில் கை வைத்து, தைரியமாகச் சொல்லம்மா, உன் சாட்சியைக் கேட்டு வாலிபர்கள் ஊழியத்துக்கு எழும்புவார்கள் என்றார். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். சொன்னாள். கர்த்தர் கொடுத்தார், எடுத்துக்கொண்டார், எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை என்கிற மாதிரி ஏதோ, நடுங்காமல் சொன்னாள், எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. பந்தலே ஸ்தோத்திரம் என்று முழங்கியது, வாலிபர்கள் நிஜமாகவே வரிசையாக எழுந்து முன்னால் வந்தார்கள். பெண்கள் பக்கத்தில் அவளுடைய அம்மா இருந்தாள். பேரப்பிள்ளை எப்படிச் செத்தது என்பதை அம்மா முதன்முதலாகக் கேட்டது அந்த மைக்கில்தான். கூட்டம் முடிந்து சமையல் பந்தலுக்குப் பின்னால் வந்து நின்று அவள் முகத்தைப் பார்த்தாள் அம்மா. சாப்பிட்டியா என்றாள். சாப்பிட்டேம்மா என்றாள் இவள். அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள், அம்மா சாகிற வரைக்கும் அவ்வளவுதான். அம்மா ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவள் அந்தச் சமையல் பந்தலிலேயே விழுந்து புரண்டு அழுதிருப்பாள். கேட்கவில்லை. மைக்கில் அத்தனை பேருக்கு முன்னால் அப்படிச் சொன்ன மகளிடம் அதற்கு மேல் என்ன கேட்பது என்று அந்த மனுஷிக்கு இருந்திருக்கும், கேட்டு இவள் விசுவாசத்தைக் குலைத்துவிடக் கூடாது என்று பயந்திருக்கும். அதன் பிறகு இவளுக்குப் பிள்ளை இல்லை. அழுவதற்கும் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. கேட்கிறவர்கள் எல்லாரும் அந்தச் சாட்சியைத்தான் மறுபடி கேட்டார்கள், போகிற சபையெல்லாம் சொல்லிச் சொல்லி அது பாடம் ஆகிவிட்டது, கடைசியில் பாபு அந்தப் பாடத்துக்குள் ஒரு வரியாகப் போய்விட்டான். இதையா நாம் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம்? கட்டிலில் போட்டுத் திருப்பக் கற்றுக்கொடுத்ததோடு சேர்த்து இதையுமா?

இல்லை, அப்படி இல்லை, லில்லி தானாகத்தான் மறைத்தாள், கூச்சப்பட்ட பெண், மார்பில் கட்டி என்று யாரிடம் சொல்வாள். மனசு இப்படி ஒரு பக்கம் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் போன மழைக்காலத்துக்கு முந்தின ஒரு ஞாயிற்றை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியது. நேற்றிலிருந்தே அது வருகிறது, இவள் துரத்துகிறாள், திரும்ப வருகிறது. அன்றைக்கு லில்லி எப்போதும்போலச் சொல்லிக்கொண்டே வந்தவள், உடம்புக்கு லேசா முடியல, எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்க என்றாள். என்றாளா, என்று தொடங்கினாளா? ஏனென்றால் முடியல என்ற சொல் வந்ததும் ஹெப்சிபாவின் கை தானாகப் போனை மைக்கிலிருந்து விலக்கிவிட்டது. யோசித்துச் செய்யவில்லை. பால் பொங்கினால் கை தானாக அடுப்பை அணைக்குமே, அந்த மாதிரி. பெட்டியில் சத்தம் நின்றது, சிக்னல் போய்விட்டது என்று சபை நினைத்துக்கொண்டது, வேதமாணிக்கம் அடுத்த பாட்டை எடுத்தார். சாயங்காலமே கூப்பிட்டு விசாரித்தாள், விசாரிக்காமல் விடவில்லை, அதைச் சொல்ல வேண்டும். என்ன பிள்ளை உடம்புக்கு என்றாள். ஒண்ணுமில்லக்கா, சரியாயிருச்சு, சபையில சொல்லியிருக்கக் கூடாது, மன்னிச்சுக்கோங்க என்றாள் லில்லி. மன்னிப்புக் கேட்டாள் அந்தப் பிள்ளை. இவளும் பெருந்தன்மையாக, பரவாயில்லை, இனிமேல் என்னிடம் தனியாகச் சொல் என்று சொல்லிவிட்டு, சப்பாத்திக்கு மாவு பிசையப் போனாள். மார்பைத் தடவிப் பார்த்தாயா, எங்கே நோகிறது என்று கேட்டிருந்தால் அன்றைக்குக் கட்டி ஒரு கொட்டைப்பாக்கு அளவுதான் இருந்திருக்கும். அறுத்து எடுத்திருக்கலாம். உட்கார்ந்து இப்போது கட்டியின் அளவைக் கணித்துக்கொண்டிருக்கிறாள், நர்ஸ் அல்லவா.

காணிக்கைப் பாட்டு தொடங்கியது. சிவப்புப் பை வரிசை வரிசையாக வந்தது. இப்போது எழுந்து போய் ஞானப்பூவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போகலாம், அந்த வாழைமரத்தடியில் வைத்துச் சொல்லிவிடலாம். சொல்லிராதீங்க என்று அந்தப் பிள்ளை சொன்னாளே. எப்பவும்போல சொல்லிட்டு வச்சிர்றேன் என்றாளே. ஏன் சபையில்? அம்மாவோடு பேச வேண்டுமென்றால் இன்றைக்குச் சாயங்காலம் ஞானப்பூவை வீட்டுக்கு வரச் சொல்லிப் பேசலாமே. முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு நாள் அப்படித்தான் பேசுவாள். ஞானப்பூ வந்து ஹெப்சிபா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, சாப்பிட்டியா, என்ன குழம்பு, மீன் கிடைக்குதா என்று காது நோகக் கேட்டுக்கொண்டிருப்பாள். இந்த நாலைந்து மாதமாக அது நின்றுபோயிற்று. வேலை அதிகம்க்கா, ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம் என்றாள் லில்லி. அப்போது இவளுக்கு உறைக்கவில்லை, இப்போது பை இரண்டாம் வரிசையைத் தாண்டுகிற நேரத்தில் உறைத்தது. சபையில் பேசினால் அம்மா திருப்பிக் கேட்கமாட்டாள். என்னடி குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்க அம்மாவுக்கு அனுமதி கிடையாது. இவ்வளவு பேருக்கு நடுவில், மைக்குக்கு முன்னால்தான் அந்தப் பிள்ளை ஒளிந்துகொண்டிருந்திருக்கிறாள். ஒளிய இடம் கட்டிக்கொடுத்தது யார். பை அவள் முன்னால் வந்து நின்றது, கையில் எதுவும் இல்லை, காணிக்கை எடுத்துவர மறந்துவிட்டாள், இத்தனை வருஷத்தில் மறந்ததில்லை. வெறும் கையைப் பைக்குள் விட்டு எடுத்தாள். வேதமாணிக்கம் அவளைப் பார்த்தார். அடிக்கக் கூடாது, சிக்னல் போகட்டும், மழையில் டவர் சாயட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள், அதே மூச்சில், ஐயோ அடிக்கட்டும், ஒருவேளை அந்தக் குரல் இனிமேல் கிடைக்காது, ஞானப்பூ கேட்டுக்கொள்ளட்டும் என்றும் வேண்டிக்கொண்டாள். கர்த்தருக்கு இதில் எதைக் கேட்பது என்று குழப்பமாகத்தான் இருந்திருக்கும். போன் அடித்தது.

பழக்கம் அவளை எழுப்பி நடக்க வைத்தது. மைக்கைக் கழற்றி ஒரு கையில் பிடித்தாள், இன்னொரு கையில் போன். வழக்கமாகச் சொல்கிற, நம்முடைய சகோதரி இப்போது சாட்சி சொல்வார்கள் என்ற வார்த்தை வரவில்லை, சும்மா பிடித்தாள். "அண்ணனுக்கும் அக்காவுக்கும் சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்று பெட்டி பேசியது. "நான் லில்லிபுஷ்பம் பேசுறேன். மஸ்கட்ல இருக்கேன். சுகமா இருக்கேன்." ஸ்தோத்திரம் என்றது சபை. இரண்டாம் வரிசைத் தாய்மார்கள் சிரித்த முகமாக ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "வீட்டுக்காரங்க. நல்லா பாத்துக்கிறாங்க. கர்த்தர் இந்த மாசமும்." நின்றது. மூச்சு ஒன்று உள்ளே போய், பாதியில் மாட்டி, வெளியே வந்தது. "இந்த மாசமும் நடத்துனாரு." ஞானப்பூ எழுந்தாள். வெளியே போகிறாளாக்கும் என்று சிலர் கால்களை ஒதுக்கி வழி விட்டார்கள். அவள் வெளியே போகவில்லை, நேராக மைக்குக்கு வந்தாள், சபையைப் பார்க்கவில்லை, ஹெப்சிபாவின் கையிலிருந்த போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, வாங்கினாள், அழுகிற குழந்தையை இன்னொருத்தி இடுப்பிலிருந்து வாங்குகிற மாதிரி. ஹெப்சிபா கொடுத்தாள். மைக்கை மட்டும் அதே இடத்தில் பிடித்தபடி நின்றாள்.

"பிள்ள, படுத்துக்கிட்டுத்தான பேசுற?" என்றாள் ஞானப்பூ. "ரெண்டு மூணு மாசமாவே படுத்துக்கிட்டுத்தான் பேசுற." பெட்டி, "அம்மா, நான் சாட்சி சொல்லிட்டு இருக்கேன்ல" என்றது, மிக மெதுவாக. "எனக்குச் சாட்சி வேண்டாம்" என்றாள் ஞானப்பூ. "எங்க வலிக்குதுன்னு சொல்லு." அதற்குப் பிறகு வந்தது பேச்சு இல்லை. முதலில் சிரிப்பு மாதிரி இருந்தது, பிறகு அது என்னவென்று எல்லாருக்கும் புரிந்தது. மஸ்கட் போன இரண்டு வருஷத்து அழுகை பெட்டி வழியாக வந்து ஆலயம் முழுக்க நிறைந்தது, எல்லா எடமும் வலிக்குதும்மா, எல்லா எடமும் வலிக்குதும்மா என்று முப்பத்திரண்டு வயதுப் பெண் மூன்று வயதுப் பிள்ளை மாதிரி அழுதாள். வேதமாணிக்கம் பெட்டியின் சுவிட்சை நோக்கி இரண்டடி வைத்தவர், மனைவி முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார், அப்படியே பலிபீடப் படியில் உட்கார்ந்துகொண்டு தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஞானப்பூ அழவில்லை. மகள் மூச்சு வாங்குகிற வரைக்கும் பொறுத்திருந்து, "நான் வரட்டுமா?" என்று கேட்டாள். ஆழியாறு தாண்டிப் பொள்ளாச்சிக்கு மேல் எங்கும் போகாதவள், அடுத்த லைனுக்கு வருகிற மாதிரி கேட்டாள். "வாம்மா" என்றாள் லில்லி.

ஞானப்பூ திரும்பி ஹெப்சிபாவைப் பார்த்தாள். "எத்தனையோ பேர அனுப்பி வச்சிருக்கீங்க அக்கா. என்னையும் அனுப்பி விடுங்க" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது, குற்றம் சொல்லியிருந்தால் ஹெப்சிபா தாங்கியிருப்பாள். மகனுக்கு, மகளுக்கு என்று வீட்டுக்கு வந்து வாசலில் நின்று கேட்பார்களே, அதே குரல். ஹெப்சிபாவின் மனம் பழக்க தோஷத்தில் ஓடத் தொடங்கியது, பிறப்புக்கு அத்தாட்சி கிடையாது, ஞானஸ்நானச் சான்றிதழை வைத்து வாங்கலாம், போட்டோ, பாஸ்போர்ட்டுக்குக் கோயம்புத்தூர், போலீஸ் விசாரணை, விசாவுக்கு மஸ்கட்டில் இருக்கிற அந்த ஒடிசாப் பையனிடம் சொல்லலாம், அவசரம் என்று காட்டலாம், எந்த அவசரம் காட்டினாலும், எந்தக் கதவைத் தட்டினாலும், எவ்வளவு வேகமாக ஓடினாலும் மலைப்பாதையில் முதல் வளைவு திரும்புவதற்குள் அங்கே லில்லி இருக்கமாட்டாள். ஓடின மனம் திரும்பி வந்து நின்றது. வாயில் வழக்கமான வார்த்தைகள் எல்லாம் தயாராக இருந்தன, ஜெபிப்போம், கர்த்தர் வழி திறப்பார். மைக்கைக் கீழே வைத்தாள். ஞானப்பூவின் காதருகே குனிந்து, "நாள் இல்ல ஞானப்பூ" என்றாள்.

ஞானப்பூ அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறைவாள் என்று ஹெப்சிபா நின்றாள், அறையட்டும் என்று நின்றாள். ஞானப்பூ போனைக் காதில் வைத்துக்கொண்டாள். "பிள்ள, அக்கா அனுப்புறேன்னுட்டாங்க. இந்தா கெளம்பிட்டேன்" என்றாள். "நீ கண்ண மூடிப் படு. நான் வழியெல்லாம் பேசிக்கிட்டே வாறேன்." பாயில் போய்ச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். பஸ் ஏறிட்டேன், அட்டகட்டி வந்திருச்சு, வளைவுல தலை சுத்துது, ஆழியாறு தண்ணி நிறையக் கிடக்கு, பொள்ளாச்சியில எறங்கி ஒரு டீ குடிச்சேன் என்று மெதுவாக, ஒவ்வொரு ஊராக மகளுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். பொள்ளாச்சியோடு அவளுக்குத் தெரிந்த ஊர்கள் முடிந்துபோயின. அடுத்து என்ன ஊர் என்று தெரியாமல் நிமிர்ந்து பார்த்தாள். ஹெப்சிபா போய் அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். பாலக்காடு என்றாள் காதுக்குள். ஞானப்பூ அதை மகளுக்குச் சொன்னாள். பிறகு திருச்சூர், பிறகு கொச்சி, பிறகு விமானம், ஜன்னலோரம் இடம், கீழே கடல் என்று இவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.